தட்டின் விலை கேட்பவர்களுக்கு

நம் ஊரில் ஒரு புது வியாதி பரவியிருக்கிறது. பரணில் பத்து கிராமபோன் பிளேட் கிடந்தால் போதும், வீட்டில் புதையல் இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். காரணம் வாட்ஸ்அப். 'பழைய இசைத்தட்டு ஒன்று 20 லட்சத்துக்கு மேல் விலை போனது, உங்கள் வீட்டிலும் இருக்கலாம், உடனே தேடுங்கள்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் இருவர் என்னோடு பிரெவே எழுதியவர்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் வேறு!

பழைய பாட்டு என்றால் எனக்குப் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார். "சார், எவ்வளவு போகும்?" இதுதான் முதல் கேள்வி. யார் பாடியது என்று கேட்டால் தெரியாது. எந்தக் கம்பெனி என்றால், "நாய் படம் போட்டிருக்கு சார்." என்ன பாட்டு என்றால், "மெஷின் இல்லையே சார்." பாட்டன் காசு கொடுத்து வாங்கி, சாவி கொடுத்துக் கேட்டு, துடைத்து உறையில் போட்டு வைத்த பொருள். பேரனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டாம், எவ்வளவு போகும் என்று மட்டும் தெரிந்தால் போதும். இந்தக் கேள்வியின் மேல்தான் என் கோபம். கேள்வி அசிங்கமானது என்று சொல்லவில்லை. பென்ஷனில் வாழ்பவன் நான், பணத்தை இழிவாகப் பேச எனக்கு வசதி கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே இருப்பது போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த 20 லட்சக் கதையைப் பார்ப்போம். அது பொய்யல்ல. 2013-ல் இணைய ஏலத்தில் அமெரிக்கத் தட்டு ஒன்று 37,100 டாலருக்குப் போனது. பாடியவர் டாமி ஜான்சன், மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பினக் கலைஞர், கிதார் வாசித்துப் பாடுபவர். பாட்டின் பெயர் 'ஆல்கஹால் அண்ட் ஜேக் புளூஸ்'. பாரமவுண்ட் என்ற கம்பெனியின் தட்டு. சினிமா பாரமவுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனி ஒன்று! மேசை நாற்காலியோடு கிராமபோன் பெட்டியும் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் தட்டு வேண்டும், அதனால் தட்டும் போட்டார்கள். மட்டமான கலவை, கேட்கும்போதே சரசரவென்று இரையும். வாங்கியவர்கள் ஏழைகள், தேயும்வரை போட்டுக் கேட்டார்கள். பொருளாதார மந்தம் வந்தபோது கம்பெனியும் மூடிக்கொண்டது. அச்சிட உதவும் மூலத் தகடுகளையும் யாரும் காப்பாற்றவில்லை. அந்தப் பாட்டுக்கு உலகத்தில் தெரியவந்த பிரதிகள் இரண்டே இரண்டு. ஆகவே அந்த விலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டாமி ஜான்சன் 1956-ல் இறந்தார். அந்த 37,100 டாலரில் ஒரு டாலரும் அவர் கண்ணில் படவில்லை. அவர் பாட்டை மதித்திருந்தால் தட்டைப் பாதுகாத்திருப்பார்கள். பாதுகாத்திருந்தால் பிரதிகள் நிறைய இருந்திருக்கும், அப்போது அந்த விலையும் இருந்திருக்காது. ஒரு காலத்தின் அலட்சியத்துக்கு இன்னொரு காலம் கட்டும் அபராதம்தான் சேகரிப்பாளர் விலை என்பது. பாட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு மெல்லியது.

நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு உதாரணம், இது நம் நாட்டுச் சரக்கு. இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டு 1960 வாக்கில் நின்றுவிட்டது. இந்தியாவில் நிற்கவில்லை. கிராமத்துக்கு மின்சாரம் வராததால் சாவி கொடுக்கும் பெட்டிகள் உயிரோடு இருந்தன. ஆகவே கல்கத்தா டம்டம் ஆலையில் 1960-களின் நடுப்பகுதியிலும் அரக்குத் தட்டு அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பையன்களின் பாட்டும் அந்த அரக்கில் வந்தது. வெள்ளைக்கார நாட்டில் பீட்டில்ஸை 78 சுற்றில் யாரும் பார்த்ததில்லை அல்லவா? அதனால் அவர்களுடைய சேகரிப்பாளர்கள் இன்று இந்தியப் பிரதிக்கு நூற்றுக்கணக்கில், நல்ல நிலையில் இருந்தால் ஆயிரத்தைத் தாண்டியும் டாலர் கொடுக்கிறார்கள். அதே பாட்டு, அதே குரல், எல்.பி.யில் இதைவிடத் தெளிவாகவே கேட்கும். நம் கிராமத்துக்குக் கரண்ட் தாமதமாக வந்ததற்குத்தான் அந்த டாலர்!

அதே டம்டம் ஆலையில் அச்சான எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுக்கு என்ன விலை? பெரிதாக ஒன்றும் இல்லை. ஏன் என்று யோசியுங்கள். மனிதர் 1933-ல் 27 வயதில் போய்விட்டார், பேசும் படத்திலும் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியது தட்டில் மட்டும்தான். ஆனால் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், கம்பெனியும் திரும்பத் திரும்ப அச்சடித்தது. பிரதிகள் கிடைக்கின்றன. ஆக, உலகமே கேட்க வேண்டிய குரலுக்கு விலை குறைவு, அலட்சியத்தால் அழிந்ததற்கு விலை அதிகம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எதை வைப்பது, எதை எறிவது என்று முடிவு செய்கிறவனை என்ன சொல்வது?

பிரான்சில் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரித்துப் பார்க்கலாம். தீனோ ரோசி பாடிய 'பெத்தி பாப்பா நொயேல்' 1946-ல் வந்தது. லட்சக்கணக்கில் விற்ற தட்டு. நம் ஊர் சொல்தா வீடுகளிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அது ஒலித்திருக்கிறது. அங்கே பழம்பொருள் சந்தைக்குப் போனால் அந்தக் காலத்து 78-கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். சில யூரோக்களுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கிடைக்காது. பழசு என்பதற்காக விலை இல்லை. அரிதாக இருக்க வேண்டும். அரிதாக இருந்தாலும் போதாது, தேடுகிறவன் ஒருவன் வேண்டும், ஏலமாக இருந்தால் இரண்டு பேர் வேண்டும். கடைசியாக, கீறாமல் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் ரிக்கார்டு செட் வைத்துக் குழாயில் போட்டுப் போட்டுத் தேய்த்த தட்டில் இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது. ஆனால் சொந்தக்காரர் மட்டும் அதைக் கோத்ரேஜ் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்.

என் உத்தியோகத்தில் பல வருஷம் பத்திரங்களைப் பார்த்தவன் நான். நிலத்துக்கு மூன்று விலை உண்டு. விற்பவன் டீக்கடையில் சொல்லும் விலை, கை மாறும் விலை, பத்திரத்தில் எழுதும் விலை. பத்திரத்தில் குறைத்து எழுதுவார்கள், காரணம் உங்களுக்குத் தெரியும். தட்டு வியாபாரத்தில் தலைகீழ், எங்கும் கூட்டித்தான் எழுதுகிறார்கள். இணையத்தில் 'அபூர்வ எம்.கே.டி. தட்டு, 50,000 ரூபாய்' என்று ஒருவர் போட்டிருப்பார். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. விற்று முடிந்ததைப் பார்க்காமல் கேட்டதைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர்கள், தங்கள் வீட்டு மனையை அப்படி மதிப்பிடுவார்களா? எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்த முசே ஒருவர் 'பிரீ' என்றால் விலை, 'வலேர்' என்றால் மதிப்பு, இரண்டையும் குழப்பினால் காதைத் திருகுவேன் என்பார். தமிழிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. காது திருக ஆள்தான் இல்லை.

சரி, விற்கத்தான் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விற்கப்போகும் பொருளை என்ன செய்கிறீர்கள்? போன மாதம் ஒருவர் தட்டைப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தார். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்தாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். 78 சுற்றுத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. அரக்கோடு கல்மாவும் கரிப்பொடியும் பஞ்சும் சேர்த்துச் செய்தது. சோட்டா நாக்பூர்க் காட்டில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகம் முழுவதும் பாடிய தட்டுகளுக்கு அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போனது. அந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆசாரி மேசைக்குப் போடும் பிரெஞ்சு பாலிஷ் என்ன? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதானே! இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீரில் ஒரு துளி மிருதுவான சோப்பு, பஞ்சுத் துணி, லேபிள் நனையாமல் சுற்றுவாட்டில் துடைத்து நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும். அவ்வளவுதான். எல்.பி., 45 சுற்று எல்லாம் வினைல், அது வேறு ஜாதி.

இன்னொருவர், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், சண்டே மார்க்கெட்டில் பித்தளைக் குழாய் வைத்த 'ஆன்டிக்' கிராமபோன் வாங்கி வந்திருக்கிறார். எங்கோ பட்டறையில் பழைய மோட்டாரும் புதுக் குழாயும் சேர்த்து நாய் படம் ஒட்டியது. அதில் தன் மாமனார் வைத்திருந்த பாத்தே தட்டைப் போட்டுப் பார்த்தாராம், சத்தமே வரவில்லை, ஊசி மட்டும் கறகற என்றதாம். வராதுதான்! முதல் உலகப் போருக்கு முந்தைய பிரெஞ்சு பாத்தே தட்டில் ஒலி, பள்ளத்தின் பக்கவாட்டில் இல்லை, மேலும் கீழுமாகப் பதிந்திருக்கும். உருண்டை முனை வைத்த நீலக்கல்லால் அதை வாசிக்க வேண்டும். பல தட்டுகள் நடுவில் தொடங்கி வெளியே போகும். எஃகு ஊசி போட்டால் ஒரே வாசிப்பில் பள்ளத்தைச் சுரண்டிவிடும். அவரிடம் இருந்தது ஒருவேளை விலை போயிருக்கக்கூடிய ஒரே தட்டு. அதைத்தான் சோதித்துப் பார்த்து முடித்தார். சாதாரணத் தட்டிலும்கூட ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. தகர டப்பாவில் 200 ஊசி விற்றதே எதற்கு? இன்று ஒரே துருப்பிடித்த ஊசியை வைத்து வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள்.

எல்.பி.யைச் சூடுபடுத்தி வளைத்துப் பழக்கூடை செய்பவர்களையும், நடுவில் முள் வைத்துக் கடிகாரம் ஆக்கி ஓட்டல் சுவரில் மாட்டுபவர்களையும் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் 'திருவிளையாடல்' வசனத் தட்டைக் கடிகாரமாகப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. போகட்டும்.

சேகரிப்பாளர்கள் எல்லாரையும் நான் திட்டவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நமக்கு இந்த அளவுகூட மிஞ்சியிருக்காது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்தார். சேர்த்ததைக் கேட்டார், கேட்டதை எழுதினார், பேசினார். பம்பாயில் 1990-ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, தட்டு வாரியாகப் பட்டியல் போட்டு, பத்திரிகை நடத்தினார்கள். இவர்கள் சேகரிப்பாளர்கள். நான் சொல்வது வேறு ரகம். அலமாரியில் வரிசையாக அடுக்கி, உறையைப் பிரிக்காமல், எண்ணை மட்டும் வாசித்து, 'இது என்னிடம்தான் இருக்கிறது' என்று சொல்வதற்காகவே வைத்திருப்பவர்கள். 2015-ல் பீட்டில்ஸின் வெள்ளை உறை ஆல்பத்தில் 0000001 என்று எண் அச்சிட்ட பிரதி 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. அதில் உள்ள பாட்டை எந்தப் பெட்டிக்கடைக்காரரும் கைபேசியில் கேட்கலாம். வாங்கியவர் வாங்கியது எண்ணை. லாட்டரிச் சீட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பணம், அவர் பாடு. ஆனால் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியது என்ற நிலையில் உள்ள தட்டை அப்படிப் பூட்டுகிறவனை அவன் பணம், அவன் பாடு என்று விட முடியாது.

இங்கேதான் எனக்கு வலிக்கும் இடம் வருகிறது. என்னோடு உத்தியோகம் பார்த்த நண்பர் ஒருவர், காலமாகிவிட்டார். அவருடைய அப்பா சொல்தா, இந்தோசீனாவில் வேலை பார்த்துப் பிரெஞ்சு பான்சியோன் வாங்கியவர். சைகோனிலிருந்து வந்த தகரப் பெட்டியில் சுமார் 140 தட்டுகள். பிரெஞ்சுப் பாட்டு கொஞ்சம், மிச்சமெல்லாம் மெட்ராசில் வாங்கிய தமிழ்த் தட்டு. எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், டுவின், பிராட்காஸ்ட் எல்லாம் கலந்து இருக்கும். கல்யாண நலங்குப் பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, காந்தி மேல் பாடியவை, ஒரு முழு நாடக செட். லேபிளில் 'மிஸ்' என்று போட்டுப் பெயர் அச்சிட்ட பாடகிகள், அவர்களில் பாதிப் பேரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நண்பர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்றாகப் போட்டுக் கேட்போம். அவர் போன பிறகு மகனிடம் கேட்டேன். பிரான்சில் இருக்கிறான், நல்ல பிள்ளை, லீவுக்கு வந்தால் ஒயின் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துக் காலில் விழுவான். "தம்பி, பெட்டி உன்னிடமே இருக்கட்டும். ஒரு மாதம் கொடு, எல்லாவற்றையும் பதிந்து உனக்கும் ஒரு பிரதி தருகிறேன்" என்றேன்.

"இல்ல மாமா. காப்பி எடுத்தா வேல்யூ போயிடும்னு சொல்றாங்க" என்றான்.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். நெட்டில் பார்த்தானாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் ஊரை முக்கியது நினைவிருக்கும். பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே பெட்டி. தண்ணீர் வடிந்து வீட்டைத் திறக்கவே இரண்டு வாரம் ஆனது. உறைகள் கூழாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. லேபிள்கள் கரைந்துபோயிருந்தன. அடியில் இருந்தவை பாரத்தில் உடைந்திருந்தன. மிஞ்சியவற்றில் யார் பாடியது என்று சொல்ல, நடுப்பகுதியில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் மட்டும்தான் இருந்தது. நாடக செட்டில் பாதி இல்லை. பிறகு ஒரு வியாபாரி வந்து ஒரு டஜன் பிரெஞ்சுத் தட்டைப் பொறுக்கிக்கொண்டு, மற்றதைத் தொடக்கூட இல்லையாம். அவன் கொடுத்த தொகையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

காப்பி எடுத்தால் மதிப்புப் போய்விடும் என்ற இந்த வாதத்தை யார் கிளப்பினார்களோ தெரியாது, ஆனால் அது வியாபாரக் கணக்கிலும் தப்பு. அமெரிக்காவில் அந்தப் பழைய புளூஸ் தட்டுகளுக்கு எப்போது கிராக்கி வந்தது? 1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் தன்னிடமிருந்த 78-களிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து எல்.பி. தொகுப்பாகக் கொண்டுவந்தார். 1961-ல் ராபர்ட் ஜான்சனின் பழைய பதிவுகள் எல்.பி.யில் வந்தன. அதைக் கேட்ட இளைஞர்கள் பைத்தியமாகி, மூலத் தட்டு எங்கே என்று வீடு வீடாகத் தேடப் போனார்கள். பிரதி வந்தது, கேட்டார்கள், பிறகு மூலத்துக்கு விலை வந்தது. கேட்காத பாட்டை யார் தேடுவான்? பெயரே தெரியாத பாடகிக்கு எவன் ஏலம் கேட்பான்? பூட்டி வைத்தவர்கள் மதிப்பைக் காப்பாற்றவில்லை, மதிப்பு பிறப்பதையே தடுத்துவிட்டார்கள்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் மேல் உள்ள உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கி 60 ஆண்டு. 1930-களில் வந்த தட்டு என்றால் எப்போதோ முடிந்தது. பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனி. அவர்கள் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். தியாகராஜர் கீர்த்தனைக்கும் நலங்குப் பாட்டுக்கும் யாரிடம் அனுமதி கேட்பது?

அரசாங்கம் செய்யாதா என்பீர்கள். அதையும் சொல்கிறேன். பிரான்சில் 1911-லேயே சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஃபெர்தினான் புருனோ என்ற பேராசிரியர், பாத்தே கம்பெனியின் உதவியோடு குரல் ஆவணக் காப்பகம் ஒன்றை ஆரம்பித்தார். 1938-ல் தேசிய ஒலிக் காப்பகமே வந்துவிட்டது. வெளியாகும் தட்டில் பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். இன்று அவர்களுடைய தேசிய நூலகம் பழைய தட்டுகளைக் காலிக்கா தளத்தில் யாரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. நம்மிடம் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, புத்தகம் வெளியிட்டால் நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். 1956-ல் செய்தித்தாளையும் சேர்த்தார்கள். இசைத்தட்டைச் சேர்க்கவில்லை. காலண்டர் மாதிரி, வளையல் மாதிரி அதுவும் ஒரு சரக்கு என்று விட்டுவிட்டார்கள். ஆகவே தமிழில் வந்த தட்டுகள் எத்தனை என்று சொல்லக்கூட முழுப் பட்டியல் கிடையாது. பிரெஞ்சுக்காரன் செய்ததெல்லாம் உயர்வு என்று பேசும் ரகம் இல்லை நான், லிசேயில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் கணக்குப்பிள்ளை நம் கணக்குப்பிள்ளையைவிட ஒழுங்கானவன்.

இதற்குப் பெரிய திட்டம், கட்டடம், அடிக்கல் ஒன்றும் வேண்டாம். ஒரு நூலகத்தில் ஒரு அறை. 78-லும் ஓடும் மின் டர்ன்டேபிள் இரண்டு. 78-க்கென்று உள்ள பருத்த ஊசி. எல்.பி. ஊசி இதற்கு ஆகாது, பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும். ஒரு கம்ப்யூட்டர். லேபிளைப் படம் எடுக்க ஒரு கேமரா. பதிவேடு எழுதத் தெரிந்த ஒரு எல்.டி.சி. ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம். 100 தட்டு என்றால் 200 பக்கம், சுமார் 11 மணி நேர ஒலி. துடைப்பது, எழுதுவது எல்லாம் சேர்த்தாலும் ஒருவருக்கு ஒரு வார வேலை. நம் ஊரில் வருஷத்துக்கு எத்தனை விழா மேடை போடுகிறார்கள், ஒரு மேடையின் பந்தல் செலவு இதற்குப் போதும். நான் மனு எழுதினேன். வழக்கம்போல 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில். அந்த வாக்கியத்தை நானே ஆயிரம் தடவை தட்டச்சு செய்திருக்கிறேன், அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே" என்பார் உங்களில் ஒருவர். இல்லை. இருப்பது சிடியில் வந்தது, ரேடியோவில் வந்தது, யாரோ நல்லவர் ஏற்றியது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இருக்கும், பாகவதர் இருப்பார், கே.பி. சுந்தராம்பாள் இருப்பார். நான் சொல்வது அவர்களைப் பற்றியல்ல, அவர்களைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. சேகரிப்பாளன் பட்டியலில் இல்லாத, விலையே இல்லாத தட்டு இருக்கிறதே, ஒரு தடவை அச்சாகி, உள்ளூரில் விற்று, மறந்துபோனது, அதுதான் உங்கள் பரணில் இருக்கலாம். வியாபாரி அதைத் தொட மாட்டான். அதனால்தான் அதை நீங்கள் தொட வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் 78-ல் ஓடும் டர்ன்டேபிள் ஒன்று இருக்கிறது. ஊசியும் சரியானது, பேரன் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்திருக்கிறான். செவ்வாய், வெள்ளி மாலை நான்கு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். தட்டை நிறுத்தின வாட்டில், இடையில் துணி வைத்து எடுத்து வாருங்கள். ஆட்டோவில் படுக்கப் போட்டு வந்தால் முருங்கப்பாக்கத்துப் பள்ளத்தில் உடையும். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், என் முதுகு தாங்காது. உங்கள் கண் எதிரிலேயே பதிந்து, தட்டை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவேன். பதிவை யாருக்கும் விற்க மாட்டேன். காபி உண்டு. விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.